கருவி சொல்லும் மதிப்பு சரி, நேரம் சரியா? ஆய்வக மென்பொருளில் நேரப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வழிகள்

சின்ன வயதில் முழங்காலில் சிராய்ப்பு என்றால் வீட்டில் பஞ்சில் நனைத்து ஓர் ஊதா மருந்து தடவுவார்கள். அந்த ஊதாவுக்குக் காரணமான சாயம் கிரிஸ்டல் வயலட். நீர்த்த கரைசலாக்கி, சோடியம் ஹைட்ராக்சைடை மிக அதிகமாகச் சேர்த்தால் நிறம் மெல்ல மங்கி, கடைசியில் தெளிந்த தண்ணீர் போல் ஆகிவிடும். 590 நானோமீட்டருக்குப் பக்கத்தில் ஒளி உறிஞ்சலை நொடிக்கு ஒருமுறை அளந்து, அதன் மடக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். கோட்டின் சாய்விலிருந்து வினைவேக மாறிலி கிடைக்கும். கல்லூரி வேதியியல் ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் சோதனை இது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் அந்தக் கோடு நேராக வரவில்லை. நேரம் போகப் போகக் கீழ்நோக்கி வளைந்தது. வினை தானாகவே வேகம் எடுக்கிறது என்று அர்த்தம். மாணவி ஒருவர் அதற்கு நல்ல காரணமும் சொன்னார்: கருவியின் விளக்கு க்யூவெட்டை, அதாவது கரைசல் இருக்கும் சின்னக் குப்பியை, சூடாக்குகிறது, சூடு ஏறினால் வினையும் வேகமாகும். நம்பும்படியாக இருந்தது. மூன்று வாரம் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவதிலேயே போயிற்று. ஒரு நாள் அவர் காரத்தை ஊற்றிய கையோடு மொபைலில் ஸ்டாப்வாட்சையும் தட்டிவிட்டார். கணினித் திரை 600-வது நொடி என்று காட்டியபோது மொபைலில் 11 நிமிடம் 54 நொடி ஓடியிருந்தது.

வேதியியலில் ஒரு குறையும் இல்லை. பிழை நிரலில் இருந்தது, நிரலை எழுதியது நான். கருவியிடம் மதிப்பைக் கேள், திரையில் வரைபடத்தைப் புதுப்பி, ஒரு நொடி தூங்கு, மறுபடியும் முதலிலிருந்து. இவ்வளவுதான் அதன் வேலை. கேட்டுப் பதில் வாங்க 40 மில்லி நொடி. வரைபடத்தில் புள்ளிகள் சேரச் சேர அதைத் திரும்ப வரையும் நேரமும் கூடிக்கொண்டே போய், 600-வது புள்ளியில் 300 மில்லி நொடியைத் தொட்டது. ஆகக் கடைசியில் இரண்டு வரிகளுக்கு நடுவே உண்மையில் ஓடியது 1.34 நொடி. கோப்பில் மட்டும் 1, 2, 3 என்று வரிசை எண்ணே நேரமாகப் பதிவாகிக்கொண்டிருந்தது.

நேரம் என்பது நீங்கள் அளக்கும் இன்னொரு அளவு. அதற்கும் ஒரு கருவி உண்டு, அந்தக் கருவிக்கும் பிழை உண்டு, அதையும் அளவுத்திருத்தம் செய்தாக வேண்டும். மின்னழுத்தத்துக்கு ஆறு இலக்கம் வரை சான்றிதழ் கேட்கும் நாம், அதே அட்டவணையின் முதல் நெடுவரிசையை யாரையும் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். அந்த நெடுவரிசையை எப்படிச் சோதிப்பது, எப்படிச் சரிசெய்வது என்பதைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: உங்கள் சோதனை எவ்வளவு பிழையைத் தாங்கும்?

நேரப் பிழையில் மூன்று வகை உண்டு. எல்லா நேரமும் ஒரே அளவு முன்னே பின்னே நகர்ந்திருப்பது இடப்பெயர்வு. கடிகாரமே மெதுவாகவோ வேகமாகவோ ஓடுவது விகிதப் பிழை. ஒவ்வொரு அளவீடும் கண்டபடி முன்பின்னாக விழுவது நடுக்கம். ஜிட்டர் என்று சொல்வார்கள். மூன்றும் செய்யும் கேடு ஒன்றல்ல.

கிரிஸ்டல் வயலட்டையே எடுத்துக்கொள்வோம். எல்லா நேரமும் அரை நொடி தள்ளியிருந்தால் வேக மாறிலிக்கு ஒன்றும் ஆகாது. கோடு பக்கவாட்டில் நகருமே தவிர சாய்வு மாறாது. கடிகாரம் 4 சதவீதம் பிசகினால் வேக மாறிலியும் அப்படியே 4 சதவீதம் பிசகும். எத்தனை முறை திரும்பச் செய்து சராசரி எடுத்தாலும் அது போகாது. எல்லா ஓட்டத்திலும் ஒரே பக்கம் சாய்வதால் பிழைப்பட்டையில்கூடத் தெரியாது.

நடுக்கத்துக்கு ஒரு எளிய கணக்கு: மதிப்பில் வரும் பிழை, அந்த நொடியில் மதிப்பு மாறும் வேகத்தை நேரப் பிழையால் பெருக்கினால் கிடைப்பது. 1 வோல்ட் வீச்சுள்ள 1 ஹெர்ட்ஸ் சைன் அலையில் 15.6 மில்லி நொடி பிசகினால், அலை செங்குத்தாக ஏறும் இடத்தில் 0.098 வோல்ட் பிழை வரும். ஏறக்குறைய பத்து சதவீதம். அதே பிசகு, மணிக்கு இரண்டு டிகிரி மாறும் அறை வெப்பநிலையில் எதையுமே செய்யாது.

கீகர் கவுன்டரில் துகள் எண்ணுபவர்களுக்கு இது இன்னும் நேரடியானது. ஒரு நொடி சாளரம் என்று நினைப்பது உண்மையில் 1.0156 நொடி என்றால் எண்ணிக்கை 1.56 சதவீதம் கூடும். 10,000 எண்ணிக்கையின் புள்ளியியல் பிழையோ 1 சதவீதம்தான்.

ஆகவே முதலில் ஒரு தாளை எடுத்து உங்கள் சமிக்ஞை அதிகபட்சம் எவ்வளவு வேகமாக மாறும், எவ்வளவு பிழை வரை பரவாயில்லை என்று எழுதுங்கள். அந்தப் பிழையை அந்த வேகத்தால் வகுத்தால் உங்கள் நேர வரம்பு கிடைத்துவிடும். அது 100 மில்லி நொடி என்றால் மேசைக் கணினியும் கவனமான நிரலும் போதும். 1 மில்லி நொடிக்குக் கீழே என்றால் சாதாரண விண்டோஸ், லினக்ஸ் நிரலை நம்பிப் பயனில்லை. மாதிரி எடுக்கும் வேலையை சொந்தக் கடிகாரம் உள்ள தரவுச் சேகரிப்பு அட்டையிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

படி 2: இடைவெளிகளைக் கழித்துப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. கோப்பில் உள்ள ஒவ்வொரு நேரத்திலிருந்தும் அதற்கு முந்தைய நேரத்தைக் கழித்து, இடைவெளிகளை இரண்டு விதமாக வரையுங்கள். ஒன்று, எந்த இடைவெளி எத்தனை முறை வந்தது என்ற பரவல் வரைபடம். இன்னொன்று, வரிசை எண்ணுக்கு எதிராக இடைவெளி.

முதலில் ஓர் எச்சரிக்கை. எல்லா இடைவெளியும் கச்சிதமாக 1.000 என்று வந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். உண்மையில் அளந்த நேரத்தில் எப்போதும் கொஞ்சம் சிதறல் இருக்கும். சிதறலே இல்லை என்றால் அது அளந்த நேரம் அல்ல, நிரல் தானாக எழுதிய நேரம். எங்கள் கோப்பும் அப்படித்தான் இருந்தது. பல வணிக மென்பொருள்களும் தொடக்க நேரத்தையும் இடைவெளியையும் மட்டும் சேமித்துவிட்டு, மீதியைப் பெருக்கிக் காட்டுகின்றன. வன்பொருள் கடிகாரம் ஓட்டும் அட்டை என்றால் அது சரி. கணினியின் மென்பொருள் சுழற்சி ஓட்டுகிறது என்றால் அந்த எண்களுக்கு ஆதாரம் கிடையாது. அப்போது நிரலில் ஒரு வரி சேர்த்து, உண்மையான நேரத்தைத் தனி நெடுவரிசையில் எழுதவைத்து, திரும்ப ஓட்டிப் பாருங்கள்.

இனி வரைபடத்தைப் படிப்போம். மொத்தக் கூம்பும் 1.00-க்குப் பதில் 1.04-இல் நின்றால், கருவியிடம் பேசும் நேரம் தூக்க நேரத்தோடு கூடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 3600 வரி வர வேண்டிய இடத்தில் 3461 தான் வரும். இடைவெளிகள் 15.6 மில்லி நொடிப் படிக்கட்டுகளாகப் பிரிந்து நின்றால் அது விண்டோஸின் வழக்கமான டைமர் துடிப்பு, நொடிக்கு 64. படிக்கட்டு 16 மில்லி நொடி என்றால் யூஎஸ்பி-சீரியல் மாற்றியைச் சந்தேகப்படுங்கள். எஃப்டிடிஐ நிறுவனத்தின் சில்லு உள்ள கேபிள்கள் சின்னச் சின்னத் தரவை உடனே அனுப்பாமல் 16 மில்லி நொடி வரை தேக்கிவைப்பது இயல்பு அமைப்பு. டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் மேம்பட்ட அமைப்புகளுக்குப் போய் அதை 1 மில்லி நொடி ஆக்கிவிடலாம். 15.6-ஐயும் 16-ஐயும் கண்ணால் பிரித்தறிவது கடினம். அமைப்பை மாற்றிப் பார்த்தால் படிக்கட்டு மறைகிறதா இல்லையா என்பதில் விடை தெரிந்துவிடும்.

இரண்டாவது வரைபடத்தில் இடைவெளி ஏறுமுகமாகப் போனால் ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது. திரை வரைபடமாக இருக்கலாம், ஒவ்வொரு முறையும் முழுதாகத் திரும்ப எழுதப்படும் கோப்பாகவும் இருக்கலாம். அங்கங்கே ஒற்றை முள்ளாக அரை நொடி, ஒரு நொடி என்று எழும்பினால் ஆன்டிவைரஸ், தானியங்கி அப்டேட், வட்டில் எழுதும் தாமதம் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு பெரிய இடைவெளி, உடனே அதன் பின்னால் பூச்சியத்தை ஒட்டிப் பல இடைவெளிகள் என்றால் தரவு இடையில் எங்கோ தேங்கி மொத்தமாக வந்து சேர்ந்திருக்கிறது. இங்கே மதிப்புகள் சரி, நேரங்கள்தான் தவறு. எதிர்மறை இடைவெளி வந்தால் யாரோ கணினியின் கடிகாரத்தைப் பின்னால் திருப்பியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது இணைய நேர ஒத்திசைவு.

படி 3: சரியான கடிகாரத்தைக் கேளுங்கள்

கணினிக்குள் இரண்டு விதமான கடிகாரம் உண்டு. ஒன்று சுவர்க் கடிகாரம்: இன்று என்ன தேதி, மணி எத்தனை என்று சொல்லும். அதை மனிதரும் மாற்றலாம், இணையமும் மாற்றலாம். இன்னொன்று ஒரே திசையில் மட்டும் ஓடும் கடிகாரம்: தேதி தெரியாது, ஆனால் பின்னோக்கிப் போகாது. இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் என்று அளக்க இரண்டாவதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

பைத்தான் நிரல்மொழியில் அதற்கு 'பெர்ஃப் கவுன்டர்' என்ற செயற்கூறு இருக்கிறது. விண்டோஸில் மைக்ரோ நொடிக்கும் நுண்மையாகச் சொல்லும். 'மோனோடானிக்' என்பதும் திசை மாறாதுதான். ஆனால் விண்டோஸில் பைத்தான் 3.13-க்கு முந்தைய பதிப்புகளில் அதன் நுண்மை அதே 15.6 மில்லி நொடி. பழைய பதிப்பில் வேலை செய்பவர்கள் கவனிக்க வேண்டும். தூங்கவைக்கும் 'ஸ்லீப்' கட்டளையும் விண்டோஸில் 3.11-இல்தான் நுண்மையான டைமருக்கு மாறியது. பைத்தானைப் புதுப்பிப்பதாலேயே போய்விடும் பிழைகள் இவை.

லினக்ஸில் ஒரு நுணுக்கம். நேர ஒத்திசைவு நிரல் ஓடும்போது மோனோடானிக் கடிகாரம் தாவாது. ஆனால் அதன் வேகம் நொடிக்கு அரை மில்லி நொடி வரை கூடவோ குறையவோ இழுக்கப்படலாம். மில்லியனில் சில பங்கு துல்லியம் வேண்டும் என்றால் 'மோனோடானிக் ரா' என்பதைக் கேளுங்கள்.

தேதியும் வேண்டுமே என்றால், ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் இரண்டு கடிகாரத்தையும் அடுத்தடுத்துப் படித்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவையுங்கள். இடையில் சுவர்க் கடிகாரம் நகர்த்தப்பட்டதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

படி 4: சுழற்சியை மாற்றி எழுதுங்கள்

"ஒரு நொடி தூங்கு" என்பதை "அடுத்த குறித்த நேரம் வரை தூங்கு" என்று மாற்றுவதுதான் இதன் உயிர். தொடக்க நேரத்தை ஒருமுறை படித்து வைத்துக்கொள்ளுங்கள். நூறாவது அளவீடு தொடக்கம் கூட்டல் நூறு நொடியில் நடக்க வேண்டும். இப்போதைய நேரத்தை அதிலிருந்து கழித்து, மிச்சம் எவ்வளவோ அவ்வளவு மட்டும் தூங்குங்கள். ஒரு சுற்றில் தாமதம் ஆனாலும் அடுத்த சுற்றுக்கு அது சேராது.

ஒரு சுற்று முழுக்கத் தவறிப்போனால் அதைத் தவறவிட்டதாகவே பதிவு செய்யுங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று அடுத்தடுத்து நான்கு முறை கருவியைக் கேட்பது நான்கு போலி மதிப்புகளைத்தான் தரும்.

கேட்பதற்குச் சற்று முன்னும் பதில் வந்த உடனேயும் நேரத்தைப் படியுங்கள். இரண்டின் நடுப்புள்ளியை அளவீட்டின் நேரமாகவும், வித்தியாசத்தில் பாதியை அதன் நிச்சயமின்மையாகவும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு எண்களையும் கோப்பில் வைத்திருங்கள். ஒரு நாள் கேபிள் கோளாறு வந்தால் அந்த இரண்டும் விலகிப் போவதிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

வரைபடம் வரைவது, கோப்பில் எழுதுவது, திரையில் காட்டுவது எல்லாவற்றையும் அளக்கும் சுழற்சியிலிருந்து வெளியே எடுங்கள். அளந்த மதிப்பை ஒரு வரிசையில் போட்டுவிட்டு அளப்பவர் தன் வேலையைப் பார்க்கட்டும். வரைபவர் தனக்கு முடிந்தபோது எடுத்து வரையட்டும். பைத்தானில் இதற்குத் தனி நூலிழை (த்ரெட்) போதாமல் போகலாம், ஏனென்றால் ஒரே நிரலின் இழைகள் ஒன்றையொன்று காக்கவைக்கும். கனமான வரைபடம் என்றால் தனி செயல்முறையாகவே ஓட்டுவது நல்லது.

படி 5: நேர முத்திரை எங்கே குத்தப்படுகிறது?

சுழற்சி சரியாகிவிட்டது. ஆனால் நீங்கள் குறித்த நேரம் எதனுடைய நேரம்? கருவி அளந்த நேரமா, பதில் உங்கள் கைக்கு வந்த நேரமா?

9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஓடும் பழைய சீரியல் கேபிளில் ஓர் எழுத்துக்கு 10 பிட் ஆகும். 20 எழுத்துள்ள ஒரு பதில் வந்து சேரவே 21 மில்லி நொடி. அதற்கு முன் கருவி உள்ளே சராசரி எடுக்கும். டிஜிட்டல் மல்டிமீட்டர்கள் அளக்கும் நேரத்தை மின்சாரச் சுழற்சிகளின் எண்ணிக்கையில் சொல்லும். நம் ஊரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுழற்சி 20 மில்லி நொடி. பத்து சுழற்சி அளக்கச் சொன்னால் நீங்கள் பார்ப்பது 200 மில்லி நொடிக்கான சராசரி. அதன் சரியான நேரம் அந்த 200-இன் நடுப்புள்ளி. தானியங்கிப் பூச்சியத் திருத்தம் (ஆட்டோ ஜீரோ) இயக்கத்தில் இருந்தால் ஓர் அளவீட்டுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

இங்கே இன்னொரு பிழை ஒளிந்திருக்கும். 60 ஹெர்ட்ஸ் நாட்டில் விற்க வந்த கருவி அமைப்பு மாற்றப்படாமல் நம் மேசையில் இருந்தால், அதன் ஒரு சுழற்சி 16.67 மில்லி நொடி. 50 ஹெர்ட்ஸ் இரைச்சலின் முழுச் சுழற்சி அதற்குள் அடங்காது. சரியான அமைப்பில் முழுக்க அழிந்து போயிருக்க வேண்டிய மின்சார இரைச்சலில் 19 சதவீதம் வரை உள்ளே வந்துவிடும். பார்ப்பவர் கேபிளைக் குறை சொல்வார், எர்த்தைக் குறை சொல்வார். கருவியின் அமைப்புப் பட்டியலில் மின்சார அதிர்வெண் என்று ஒரு வரி இருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

மொத்தத் தாமதத்தை நேரில் பார்க்க விலையில்லாத வழி உங்கள் மொபைல். நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட வீடியோவில் ஒரு படம் 4.2 மில்லி நொடி. உணரியின் முன் ஒரு எல்இடியை வைத்து, அதுவும் கணினித் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி படம் எடுங்கள். எல்இடி எரிந்த படத்துக்கும் திரையில் எண் மாறிய படத்துக்கும் நடுவே எத்தனை படங்கள் என்று எண்ணுங்கள். திரையின் சொந்தத் தாமதமும் இதில் சேரும் என்பதால் இது மேல்வரம்பு. ஆனால் 50 மில்லி நொடியா, 500-ஆ என்பது சந்தேகமில்லாமல் தெரிந்துவிடும்.

படி 6: இரண்டு கருவி இருந்தால், இரண்டும் பார்க்கும் ஒரு நிகழ்வைத் தேடுங்கள்

ஒரே அட்டையில் பல சேனல் இருந்தாலும் மலிவான அட்டைகள் ஒரே அனலாக்-டிஜிட்டல் மாற்றியை வைத்து ஒவ்வொரு சேனலாகத்தான் படிக்கும். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் 1 மில்லி நொடி இடைவெளியில் படித்தால் 50 ஹெர்ட்ஸில் அது 18 டிகிரி கட்ட வேறுபாடு. வெறும் ஹீட்டரின் திறனே 5 சதவீதம் குறைவாகத் தெரியும். அட்டையின் விவரக்குறிப்பில் 'ஒரே நேர மாதிரியெடுப்பு' என்று இருக்கிறதா பாருங்கள். சோதிப்பது இன்னும் சுலபம்: ஒரே சமிக்ஞையை இரண்டு சேனலுக்கும் கொடுத்துக் கழியுங்கள்.

தனித்தனிக் கணினிகள் என்றால், ஒரே மின்துடிப்பை இரண்டு கருவிக்கும் கம்பியில் கொடுத்துத் தொடங்குவது எப்போதும் முதல் தேர்வு. முடியாவிட்டால் ஓட்டத்தின் முதலிலும் கடைசியிலும் இரண்டும் பார்க்கும்படி ஏதாவது செய்யுங்கள்: மேசையை ஒரு தட்டு, விளக்கை ஒருமுறை அணைத்து ஏற்றல். முதல் தட்டு இடப்பெயர்வைத் தரும், கடைசித் தட்டு விகிதப் பிழையைத் தரும்.

இந்தச் சின்ன உத்தியின் பெருமையை உலகம் பார்த்தது ஓப்பரா சோதனையில். ஜெனீவாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடி ஆய்வகம் வரை ஏறக்குறைய 730 கிலோமீட்டர். அங்கிருந்து அனுப்பிய நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முன்னதாக வந்துவிட்டன என்று 2011 செப்டம்பரில் அந்தக் குழு அறிவித்தது. தூரத்தில் சொன்னால் 18 மீட்டர். அவர்கள் அலட்சியமானவர்கள் அல்ல. தெரிந்த எல்லாத் தாமதத்தையும் அளந்து கழித்திருந்தார்கள். ஜிபிஎஸ் நேரத்தை நிலத்தடிக்குக் கொண்டுபோகும் ஒளியிழையின் இணைப்பி முழுதாகத் திருகப்படாமல் இருந்தது. உள்ளே வந்த ஒளி மங்கலாக இருந்ததால் உணரி எல்லையைத் தொட நேரம் பிடித்தது. அந்தத் தாமதம் 70 நானோ நொடிக்கு மேல். அதோடு முதன்மைக் கடிகார அட்டையின் அலையியற்றியும் கொஞ்சம் பிசகி ஓடி, எதிர்ப்பக்கம் சில நானோ நொடிகளைச் சேர்த்திருந்தது.

அதை உறுதிப்படுத்திய விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அதே மலைக்கடியில் எல்விடி என்று இன்னொரு உணரி பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது. மலையைத் துளைத்துப் படுக்கைவாட்டில் வரும் சில மியூவான்கள் (காஸ்மிக் கதிர்களால் உருவாகும் துகள்கள்) இரண்டு உணரிகளின் ஊடாகவும் போகும். பழைய பதிவுகளில் அப்படிப்பட்ட மியூவான்களைப் பொறுக்கி எடுத்து இரண்டு கடிகாரங்களையும் ஒப்பிட்டபோது, 2008-இன் நடுப்பகுதியிலிருந்து 2011 முடிவு வரை ஓப்பராவின் நேரம் ஏறக்குறைய 73 நானோ நொடி தள்ளியிருந்தது பளிச்சென்று தெரிந்தது. எப்போது தொடங்கியது, எப்போது தீர்ந்தது என்பதுகூட. 2012 ஜூலையில் திருத்திய முடிவு ஒளியின் வேகத்தோடு ஒத்துப்போனது.

படி 7: கடிகாரத்தையே அளவுத்திருத்தம் செய்யுங்கள்

சாதாரண குவார்ட்ஸ் படிகம் மில்லியனில் 20 பங்கு பிசகலாம். ஒரு நாளைக்கு 1.7 நொடி. பெரும்பாலான சோதனைகளுக்கு இது போதும். மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் சின்ன மின்னணுப் பலகையான அர்டுயினோ ஊனோவில் (ஆர்3 பதிப்பு வரை) கதை வேறு. அதன் முதன்மைச் சில்லுக்குத் துடிப்பு தருவது படிகம் அல்ல, பீங்கான் ஒத்ததிர்வி. அது அரை சதவீதம் வரை பிசகலாம். நாளுக்கு ஏழு நிமிடம். ஊனோவின் 'மில்லிஸ்' எண்ணை நம்பி வேக மாறிலியை நான்கு இலக்கத்துக்கு எழுதியிருக்கும் ஆய்வேடுகளைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கும். அந்த உழைப்புக்கு இன்னும் நல்ல கடிகாரம் கிடைத்திருக்க வேண்டும்.

அளவுத்திருத்தத்துக்கு நொடித் துடிப்பு தரும் சின்ன ஜிபிஎஸ் தொகுதி ஒன்று போதும். அந்தத் துடிப்பு மைக்ரோ நொடிக்கும் கீழான துல்லியம் கொண்டது. அதன் இன்னொரு காலில் வரும் எழுத்து வாக்கியங்களை நேரமாக எடுக்காதீர்கள். அவை துடிப்புக்குப் பின் நூற்றுக்கணக்கான மில்லி நொடி கழித்து நிதானமாக வரும். துடிப்பை அட்டையின் ஓர் உள்ளீட்டில் கொடுத்து, ஒரு மணி நேரம் ஓட விட்டு, 3600 துடிப்புக்கு உங்கள் கடிகாரம் எவ்வளவு காட்டியது என்று வகுத்தால் திருத்தக் காரணி கிடைக்கும். ஏசி ஓடும்போதும் அணைத்தபோதும் தனித்தனியாகச் செய்யுங்கள், வெப்பநிலையால் இரண்டும் மாறும்.

மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸையே கடிகாரமாக எடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். இந்திய மின்தொகுப்பில் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை அனுமதிக்கப்பட்ட எல்லை. அந்த வீச்சுக்குள் அது அலைந்துகொண்டே இருக்கும்.

தேதியோடு கூடிய நேரம் வேண்டுவோர் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் நடத்தும் நேர சர்வரோடு கணினியை ஒத்திசைக்கலாம். இந்திய நேரத்தைப் பேணுவதே அவர்கள்தான். இணையம் வழியாக வருவதால் சில மில்லி நொடி முதல் சில பத்து மில்லி நொடி வரை எதிர்பாருங்கள்.

படி 8: நீண்ட ஓட்டமும் கோப்பும்

வாரக்கணக்கில் ஓடும் சோதனைகளுக்குத் தனிக் கண்ணிகள் உண்டு. 32 பிட் மில்லி நொடி எண்ணி 49.7 நாளில் நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பும். அர்டுயினோவின் 'மைக்ராஸ்' 71.6 நிமிடத்திலேயே திரும்பிவிடும். குறியற்ற முழு எண்ணாகவே வைத்துக் கழித்தால் ஒருமுறை திரும்புவது விடையைக் கெடுக்காது. பெரியதா சிறியதா என்று நேரடியாக ஒப்பிட்டால் கெடுக்கும்.

எண்ணின் நுண்மையும் முக்கியம். 1991 பிப்ரவரி 25 அன்று சவுதியின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியாட் தடுப்பு ஏவுகணை அமைப்பு, ஈராக் ஏவிய ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டு 28 வீரர்கள் இறந்தார்கள். நேரத்தைப் பத்தில் ஒரு நொடிகளாக எண்ணி, நொடியாக்க 0.1 ஆல் பெருக்கியது அந்த மென்பொருள். இரும எண்ணில் 0.1 முடிவில்லாமல் நீளும். 24 பிட்டில் வெட்டியதால் நொடியின் கோடியில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் அது 0.34 நொடியாகச் சேர்ந்தது. நம் ஆய்வகங்களில் இதன் தம்பி இப்படி வருவான்: 1970 முதல் எண்ணும் யூனிக்ஸ் நேரத்தை 32 பிட் மிதவைப்புள்ளி எண்ணாக (ஃப்ளோட்) சேமிப்பது. அந்த அளவுள்ள எண்ணில் அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே 128 நொடி இடைவெளி. இரண்டு நிமிடத்துக்கு மேல் நேரமே நகராமல் நின்று, பிறகு தாவும். 64 பிட் பயன்படுத்துங்கள், அல்லது ஓட்டத் தொடக்கத்திலிருந்து எண்ணுங்கள்.

கோப்பை எக்செல்லில் திறந்து பார்ப்பது தவறில்லை. திறந்ததை அதே சிஎஸ்வியாகச் சேமித்துவிடாதீர்கள். பின்ன நொடி உள்ள நேரத்தை எக்செல் நிமிடமும் நொடியுமாகச் சுருக்கிக் காட்டும், சேமிக்கும்போது காட்டியதைத்தான் எழுதும். தேதியும் மணியும் போய்விடும். மூலக் கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள்.

ஐரோப்பாவோடு சேர்ந்து தரவு எடுப்பவர்கள் உள்ளூர் நேரத்தில் பதியவே கூடாது. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும். எல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கட்டும். மடிக்கணினி என்றால் தூக்க நிலையை அணைத்துவிடுங்கள். கரண்ட் போனால் அது தானே உறங்கிப்போகும்.

படி 9: பழைய தரவைக் காப்பாற்றலாமா?

பிழை தெரிந்த பிறகு எல்லோரும் கேட்பது இதைத்தான். பல சமயம் முடியும். வரிசை எண்ணே நேரமாக எழுதப்பட்ட கோப்பு என்றால், இயங்குதளம் குறித்துவைத்த உருவாக்கிய நேரத்தையும் கடைசியாக மாற்றிய நேரத்தையும் பாருங்கள். வித்தியாசத்தை வரிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் உண்மையான சராசரி இடைவெளி. விண்டோஸில் நகல் எடுத்தால் உருவாக்கிய நேரம் நகல் எடுத்த நேரமாக மாறிவிடும், மாற்றிய நேரம் தப்பும். ஆகவே அளந்த கணினியில் இருக்கும் மூலக் கோப்பையே தேடிப் பிடியுங்கள்.

இடைவெளி சீராக இல்லாமல் வளர்ந்திருந்தால் சராசரி போதாது. நாங்கள் அதே பழைய நிரலை, அதே கணினியில், கருவிக்குப் பதில் 40 மில்லி நொடி காத்திருந்து ஒரு பொய் மதிப்பைத் தரும் சின்ன நிரலோடு இணைத்து ஓட்டினோம். இந்த முறை ஒவ்வொரு சுற்றின் உண்மை நேரத்தையும் பதிந்தோம். ஐந்து முறை ஓட்டியதில் ஐந்தும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தின. 600-வது வரி ஒவ்வொரு முறையும் 714 நொடியை ஒட்டியே வந்தது. அந்த அட்டவணையைப் பழைய கோப்புகளின் வரிசை எண்ணுக்குப் பதிலாக வைத்தோம். கிரிஸ்டல் வயலட்டின் கோடு முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை நேராக நிமிர்ந்தது.

பதினைந்து ஓட்டங்களில் பதினொன்றை அப்படி மீட்டோம். மீதி நான்கும் எந்தக் கணினியில் ஓடின என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவற்றை நீக்கிவிட்டு, மாணவி திரும்ப எடுத்தார். இப்போது அந்த ஆய்வகத்தின் ஒவ்வொரு கோப்பும் ஐந்து வரிகளோடு தொடங்குகிறது: கணினியின் பெயர், நிரலின் பதிப்பு, எந்தக் கடிகாரம், கடைசியாக ஜிபிஎஸ் துடிப்போடு ஒப்பிட்ட தேதி, அன்று கிடைத்த திருத்தக் காரணி.